டாரட்டில் 13-ஆம் சீட்டு வந்தால்: வாழ்க்கைத் திருப்பத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலைந்து பேர் டாரட் படிக்கக் கூடுகிறோம். படச் சீட்டுக் கட்டிலிருந்து சிலவற்றை எடுத்து, அந்தப் படங்களை வைத்து ஒருவரின் கேள்வியைப் பேசிப் பார்ப்பதுதான் டாரட். கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்துவிட்டேன். எலும்புக்கூடு குதிரையேறி வரும் 13-ஆம் எண் சீட்டு, மரணச் சீட்டு. சிலர் அதைப் பார்த்ததும் பதறிக் கட்டுக்குள் திரும்பச் செருகிவிடுகிறார்கள். பெரும்பாலோர் "இது சாவு இல்ல, மாற்றம்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குத் தாவுகிறார்கள். இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது. கேட்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதும் அதனால்தான்.

என் அனுபவத்தில் இந்தச் சீட்டு பேசுவது ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றைப் பற்றி. கேட்பவரின் வாழ்க்கையில் எது முடிந்தது என்று அவர் வாயாலேயே பெயர் சொல்ல வைப்பதுதான் படிப்பவரின் வேலை. ஆறுதல், புது வழி எல்லாம் அதற்கு அப்புறம். அந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். முதல் மூன்று படிகளும் சீட்டைக் கலைத்து எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை. அவற்றைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வருவது எதுவும் ஒழுங்காக நடக்காது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

78 சீட்டும் முழுதாக உள்ள ஒரு கட்டு வேண்டும். எண்ணிப் பாருங்கள். தனித்தனிப் பெயருள்ள பெரிய சீட்டுகள் 22; கோப்பை, வாள், காசு, கோல் என்று நான்கு இனமாக வரும் சின்னவை 56. இரவல் வாங்கிய கட்டில் ஒன்றிரண்டு குறைவது சகஜம். சிலர் பயந்துகொண்டு 13-ஐயே எடுத்து வைத்துவிடுவதும் உண்டு.

தொடக்கத்தில் ரைடர்-வெயிட் வகைக் கட்டையே வாங்குங்கள். 1909-இல் லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்துக் கொடுக்க, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கட்டில் சின்னச் சீட்டுகள் 56-லும் முழுக் காட்சி உண்டு. படகு, பாலம், கொட்டிப்போன கோப்பை என்று கண்ணால் பார்த்துப் பேச ஏதாவது இருக்கும். நம் ஊரில் பிரான்சிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டைக் கொண்டுவந்து கொடுப்பதுண்டு. அழகான கட்டுதான். ஆனால் அதன் சின்னச் சீட்டுகளில் கோப்பையும் வாளும் எண்ணிக்கைக்குத்தான் அடுக்கியிருக்கும், கதை இருக்காது. அதில் 13-ஆம் சீட்டுக்கு வழக்கமாகப் பெயரே எழுதியிருக்காது. எலும்புக்கூடு அரிவாளை வீசிக்கொண்டு கறுப்பு மண்ணில் நிற்கும்; காலடியில் தலைகளும் கைகளும் கிடக்கும். கீழே நான் சொல்லப்போகும் ராஜாவும் குழந்தையும் குதிரையும் அந்தக் கட்டில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு நோட்டு, பென்சில், விரிக்க ஒரு துணி, நாற்பது நிமிட அவகாசம். ஊதுவத்தியும் கல்லும் உங்கள் விருப்பம்; அவை இல்லாமலும் நடக்கும். கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து பார்க்கலாமே என்று யாராவது ஆசையாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாயங்காலக் காற்றில் சீட்டைப் பிடிக்கவே கை போதாது. போகிற வருகிறவர்கள் காதில் விழும்படி யாரும் மனசைத் திறக்கவும் மாட்டார்கள்.

2. கேள்வியைத் திருத்தி, முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்

வருகிறவர்கள் பெரும்பாலும் கிளி ஜோசியத்துக்குக் கேட்பது போலக் கேட்பார்கள். "வேலை கிடைக்குமா?", "கல்யாணம் நடக்குமா?" ஆம், இல்லை என்று முடியும் கேள்விக்கு 13-ஆம் சீட்டு வந்தால் அதை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் சீட்டைக் கலைப்பதற்கு முன்பே கேள்வியை மாற்றுங்கள். "வேலை கிடைக்குமா" என்பதை "பழைய வேலையில் இருந்து எதை நான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். "கல்யாணம் நடக்குமா" என்பது "கல்யாணம் ஆனால் என் வாழ்க்கையில் எது இருக்காது? அதை விட எனக்குச் சம்மதமா?" என்று ஆகலாம். இப்படிக் கேட்டால் எந்தச் சீட்டு வந்தாலும் பேச இடம் இருக்கும்.

ஆயுள், வியாதி, பிரசவம், கோர்ட்டு வழக்கு ஆகியவற்றுக்கு நான் சீட்டு எடுப்பதில்லை. நீங்களும் எடுக்காதீர்கள். 78 படங்களுக்கு யாருடைய உடம்பைப் பற்றியும் தெரியாது. அது டாக்டர் பார்க்க வேண்டிய வேலை. அங்கே இல்லாத ஒருவரைப் பற்றியும் எடுக்க வேண்டாம்: "என் மாமியார் எப்போ திருந்துவாங்க" போன்றவை.

அப்புறம் முக்கியமான ஒன்று. கட்டைக் கலைக்கும் முன்பே, 13-ஆம் சீட்டைத் தனியாக எடுத்துக் காட்டி, "இப்படி ஒரு படம் இதுல இருக்கு. வந்தாலும் வரலாம். இது யாருடைய ஆயுளையும் சொல்லாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போடுங்கள். இதே வார்த்தையைச் சீட்டு வந்த பிறகு சொன்னால் சமாதானப்படுத்துகிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள், பயம் இரட்டிப்பாகும். முன்பே சொன்னால் அது வெறும் தகவல். இந்த ஒரு பழக்கத்தால் எங்கள் மாடியில் அழுகை பெருமளவு குறைந்திருக்கிறது.

3. மூன்று இடங்களையும் முதலிலேயே தீர்மானியுங்கள்

வாழ்க்கைத் திருப்பத்தைப் பற்றிய கேள்விக்கு மூன்று சீட்டு போதும். இடமிருந்து வலமாக: முடிந்தது, இப்போது நடுவில் கிடப்பது, அடுத்து கையில் எடுக்க வேண்டியது. இந்த மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் சீட்டை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு இடத்துக்குப் பொருள் வைத்தால் நமக்குப் பிடித்த கதைக்கு ஏற்ப வளைத்துவிடுவோம். நானே பல தடவை வளைத்திருக்கிறேன்.

தலைகீழாக வரும் சீட்டைத் தனிப் பொருளோடு படிப்பீர்களா, நிமிர்த்திவிடுவீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

ஒரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். 78-இல் மூன்றை எடுக்கும்போது குறிப்பிட்ட ஒரு சீட்டு வர 26-இல் ஒரு வாய்ப்பு. பத்துச் சீட்டு விரித்தால் ஏறக்குறைய எட்டில் ஒன்று. அடிக்கடி பார்க்கிறவர்களுக்கு இது வந்துகொண்டேதான் இருக்கும். "எனக்கு மட்டும் ஏன் இது வருது?" என்று ஒரு தங்கை கண்கலங்கியபோது இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். மறுபடி அவள் அப்படிக் கேட்டதில்லை.

4. சீட்டு திரும்பியதும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காதீர்கள்

புதியவர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டமான படி. எலும்புக்கூட்டைப் பார்த்ததும் எதிரே இருப்பவரின் முகம் மாறும். உடனே "பயப்படாதீங்க" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். பயப்பட ஏதோ இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பது அந்த வார்த்தைதான்.

சீட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, "படத்துல என்னென்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். அவர் எதை முதலில் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை வெளியூர் போன அம்மாக்கள் பலர் குழந்தையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பதவியில் இருந்தவர்கள் விழுந்து கிடக்கும் ராஜாவைப் பார்க்கிறார்கள். சிலருக்குக் குதிரையைத் தவிர எதுவும் கண்ணில் படுவதில்லை. விதி என்று எதையும் வைக்க முடியாது என்றாலும், முதலில் கண் போன இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினால் அவர் சுலபமாகப் பேசுவார்.

5. படத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்

நம் கண் எலும்புக்கூட்டிலேயே மாட்டிக்கொள்கிறது. அதனால் நான் தரையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். குதிரை வந்த பிறகு யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டால் குதிரையேறி வருபவர் மேல் இருக்கும் பயம் பாதியாகிவிடும்.

முதலில் ராஜா. தரையில் கிடக்கிறார், கிரீடம் கழன்று விழுந்துவிட்டது. குதிரை அவரைத் தாண்டிவிட்டது என்பதைக் கவனியுங்கள். அதாவது முடிய வேண்டியது முடிந்தாகிவிட்டது. இந்தச் சீட்டை "இனிமேல் நடக்கப்போவது" என்று படிக்கிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

அடுத்து மஞ்சள் அங்கி போட்ட பிஷப். குதிரைக்கு எதிரே கைகூப்பி நிற்கிறார். பேசிப் பார்க்கிறார், வேண்டுகிறார். நம்மில் பலர் ஒரு முடிவை இப்படித்தான் எதிர்கொள்கிறோம். இன்னும் ஒரு மனு, இன்னும் ஒரு பரிகாரம், பெரியவர்களை வைத்து இன்னும் ஒரு பேச்சுவார்த்தை.

பக்கத்தில் இளம்பெண். மண்டியிட்டிருக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். நடந்தது தெரியும், பார்க்க மனசில்லை.

அப்புறம் குழந்தை. அதுவும் மண்டியிட்டிருக்கிறது. ஆனால் முகத்தைத் திருப்பாமல் குதிரையையே பார்க்கிறது. இந்தப் படத்தில் எதையும் தடுக்கவோ மறைக்கவோ முயலாத ஆள் அது ஒன்றுதான்.

இந்த நால்வரையும் காட்டி, "இதுல நீங்க யாரு?" என்று கேளுங்கள். இந்தப் படிக்கு நிறைய நேரம் கொடுங்கள். ஒரே ஆள் இரண்டு பேராகவும் இருக்கலாம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த ஒரு அக்கா, "ஆபீஸ்ல நான் பிஷப், வீட்டுக்கு வந்தா அந்தப் பொண்ணு" என்றார். வேலையைக் காப்பாற்ற எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொன்ன ஒரு வரியில் அன்றைய பாதிப் பேச்சு முடிந்துவிட்டது.

இதற்குப் பிறகு குதிரை. வெள்ளைக் குதிரை, நிதானமான நடை, ஓட்டம் இல்லை. கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூட்டின் கையில் அரிவாளோ வாளோ கிடையாது, கொடிதான். கறுப்புத் துணியில் ஐந்து இதழ் வெள்ளை ரோஜா. கொடி பிடித்து வருகிறவர் ஒரு சேதியை அறிவிக்க வருகிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாகப் பின்னணி. ஆறு ஓடுகிறது, அதில் ஒரு படகு. தூரத்தில் இரண்டு கோபுரத் தூண்கள், நடுவே சூரியன். புதியவர்கள் எல்லாரும் இந்தச் சூரியனுக்குத்தான் ஓடுவார்கள், "பாருங்க, விடியுது!" என்று. நிதானியுங்கள். அது எழுகிறதா, விழுகிறதா என்று படத்தில் எழுதியில்லை. தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரியிலும் சூரியன் கடலிலிருந்து எழுவதையே பார்த்து வளர்ந்ததால் நமக்கு அடிவானத்துச் சூரியன் என்றாலே விடியல். இதே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த, மேற்குக் கடற்கரையில் இருக்கும் மாஹேயில் பிறந்த ஒருவரிடம் இந்தச் சீட்டைக் காட்டினேன். யோசிக்காமல் "அஸ்தமனம்" என்றார். அவர் ஊர்க் கடலில் சூரியன் இறங்கத்தானே செய்யும். எனவே நீங்கள் முடிவு செய்யாதீர்கள், கேட்பவர் சொல்லட்டும். அவர் அஸ்தமனம் என்றால் துக்கத்துக்கு இன்னும் நாள் வேண்டும் என்று புரிந்துகொண்டு மெதுவாகப் போங்கள்.

6. முடிந்ததற்குப் பெயர் வையுங்கள்

வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் படியை மறக்க வேண்டாம்.

"மாற்றம்" என்ற சொல்லை இந்தச் சீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். எங்கள் மாடியில் அந்தச் சொல்லுக்கு அனுமதி இல்லை. மாற்றம் என்றால் எல்லாருக்கும் பொருந்தும், யாருக்கும் உதவாது. போகிப் பண்டிகையோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு, பழசைக் கொளுத்துவது என்று. ஆனால் போகியில் எதைக் கொளுத்துவது, எந்தப் பாயை வைத்துக்கொள்வது என்று நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். 13-ஆம் சீட்டில் அந்தத் தேர்வு நம் கையில் இருந்ததில்லை. வந்து உட்கார்ந்திருப்பவரின் வலியே அதுதான்.

முதலியார்பேட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர். மில்லில் வேலை பார்த்தவர், மில் மூடிவிட்டது. முதல் இடத்தில் 13 வந்தது. "என்ன முடிஞ்சுது?" என்றதும் "வேலை" என்றார். அது சரியான பதில் மாதிரித் தெரியும். ஆனால் வேலை போனது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதற்குச் சீட்டு எதற்கு? இன்னும் கேட்டேன். கடைசியில் சொன்னார்: மில் சங்கு ஊதாத நாளிலும் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து குளித்துவிடுகிறார், அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். முடிந்தது சங்கு. நாளை இரண்டாகப் பிரித்துக் கொடுத்த ஒன்று போய்விட்டது. அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் என்ன செய்யலாம் என்று பேசவே முடிந்தது. காலையில் ஒரு மணி நேரம் போய் நிற்க ஒரு இடம் வேண்டும் என்று அவரே சொன்னார். சம்பளத்தைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.

இன்னொரு அம்மா. மகன் பிரான்ஸ் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான், அவருக்கும் அதில் பெருமை. "என் பிள்ளை போயிட்டான்" என்று தொடங்கினார். பிள்ளை நலமாக இருக்கிறான், வாரம் தவறாமல் பேசுகிறான். அப்படியானால் எது முடிந்தது? மூன்று பேருக்கு உலை வைத்த கை இன்னும் மூன்று பேருக்கே அரிசி அளக்கிறது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றும்போதுதான் அழுகை வருகிறது என்றார். நோட்டில் "மூன்றாம் ஆழாக்கு" என்று எழுதிக்கொண்டேன்.

சரி, பெயர் சரியாக வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? நான் மூன்று விஷயம் பார்க்கிறேன். ஒன்று, அது தொட்டுக் காட்டக்கூடிய பொருளாகவோ பழக்கமாகவோ இருக்க வேண்டும்; சங்கு, ஆழாக்கு மாதிரி. "நிம்மதி", "நம்பிக்கை" என்று வந்தால் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். இரண்டு, கடைசியாக அது நடந்த நாளை அவரால் சொல்ல முடிய வேண்டும். மூன்று, சொன்னதும் அவர் கொஞ்சம் அமைதியாவார். கோபமாகவே பேசிக்கொண்டிருந்தால் இன்னும் பிஷப் நிலையில்தான் இருக்கிறார்.

நாளைப் பற்றி ஒரு வார்த்தை. முடிந்த நாளும் காகிதத்தில் முடிந்த நாளும் வேறுவேறாக இருக்கும். இதை விளக்க நம் ஊரையே உதாரணம் காட்டுவேன். புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. இடையில் ஏறக்குறைய எட்டு வருஷம். இரண்டு நாளையும் நாம் தனித்தனியாகக் கொண்டாடுகிறோம். குடும்பத்திலும் அப்படித்தான். விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளைச் சொல்கிறவரிடம், ஒரே தட்டில் சாப்பிடுவது எப்போது நின்றது என்று கேட்டால் அதற்கு மூன்று வருஷம் முந்திய ஒரு நாளைச் சொல்வார். சீட்டு பேசுவது அந்த முந்திய நாளைப் பற்றி.

7. அக்கம்பக்கத்துச் சீட்டுகளோடு சேர்த்துப் படியுங்கள்

வரிசையில் 13-க்கு முன்னால் 12, தொங்கும் மனிதன். ஒரு காலில் தலைகீழாகத் தொங்குகிறான், முகம் அமைதியாக இருக்கிறது. பின்னால் 14, நிதானம். ஒரு தேவதை இரண்டு கோப்பைகளுக்கிடையே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறது, ஒரு கால் நீரில், ஒரு கால் கரையில். இந்த மூன்றும் மனசில் இருந்தால் 13-ன் இடம் புரியும். காத்திருந்து, முடிந்து, கலந்து பழகுவது. மூன்றில் ஒன்றாக 14-ம் வந்தால் அவசரப்பட்டுப் புது வேலை, புது வீடு என்று சொல்லாதீர்கள். அது பழசையும் புதுசையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும் காலம்.

புதியவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது 16-ஆம் சீட்டோடு. அது இடி விழும் கோபுரம். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல நம் பகுதியில் 'தானே' புயலைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்தக் காற்று 16-ஆம் சீட்டு. காற்று நின்ற பிறகு தோப்புக்குள் நடந்து, இந்த மரம் இனி நிமிராது என்று ஒத்துக்கொண்டு, அறுத்து, அடிக்கட்டையைத் தோண்டி எடுத்த நாட்கள் 13. ஒட்டுக்கன்று வைத்தது அதற்கு அப்புறம். அடிக்கட்டையை எடுக்காமல் அதே குழியில் கன்று வைக்க முடியாது. இரண்டு சீட்டும் ஒன்றாக வந்தால், கேட்பவர் இன்னும் காற்றைப் பற்றியே பேசுகிறாரா, கட்டையைத் தோண்டத் தொடங்கிவிட்டாரா என்று பாருங்கள்.

வாள் ஆறு: படகோட்டி ஒருவன் ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிப் போகிறான், படகில் ஆறு வாள் குத்தி நிற்கிறது. 13-உடன் வந்தால் ஊர் விட்டு ஊர் போவதை நினைக்கத் தோன்றும். அதைவிட அந்த வாள்களைப் பாருங்கள். பிடுங்கினால் ஓட்டை வழியே தண்ணீர் ஏறும். சில வலிகளைக் கரை சேரும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. கடலூர் முதுநகரில் உப்பனாற்றில் படகு பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கோப்பை ஐந்தில் மூன்று கோப்பை கொட்டிக் கிடக்கிறது, முதுகுக்குப் பின்னால் இரண்டு நிற்கிறது. 13-க்குப் பக்கத்தில் வந்தால் அந்த இரண்டு எது என்று கேளுங்கள், ஆனால் மூன்றுக்குப் பெயர் வைத்த பிறகு கேளுங்கள். காசு நான்கு, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவர். இது வந்தால் அவர் எதை விடவில்லை என்பதை நேராகக் கேட்டுவிடலாம்.

8. தலைகீழாக வந்தால்

தலைகீழ் என்றால் கண்டம் தப்பியது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அப்படிப் படிக்காதீர்கள். வெயிட் இதற்குத் தரும் பொருள்கள் மந்தம், உறக்கம், கல்லாக உறைதல், தூக்கத்தில் நடத்தல். அதாவது முடிந்தது முடிந்ததுதான். அது முடியாத மாதிரி வாழ்ந்துகொண்டிருக்கிறோம். மூடிய கடைக்கு மாசாமாசம் வாடகை கட்டுவது, ரத்தான நிச்சயதார்த்தத்துப் புடவையைப் பீரோவில் முன்வரிசையிலேயே வைத்திருப்பது போல. "அந்தப் பழக்கத்துக்கு மாசம் எவ்வளவு செலவாகுது?" என்று கேட்டால் பதில் பணத்திலேயே வரும், அல்லது தூக்கத்தில்.

9. துக்க வீட்டிலிருந்து வந்தவர் எதிரே உட்கார்ந்தால்

உண்மையிலேயே ஒரு சாவு நடந்த வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முன் நான் சீட்டு எடுப்பதில்லை. அந்த நாட்களுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு ஒழுங்கு இருக்கிறது. சொந்தம் கூடியிருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. அதற்கு நடுவே ஒரு எலும்புக்கூட்டுப் படம் வேண்டாம்.

அதற்குப் பிறகு வந்து, 13 விழுந்தால், "இது சாவு இல்ல" என்ற வழக்கமான வாக்கியத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். அவருக்கு அது சாவுதான். போனவரின் பேரைக் கேளுங்கள், பேசவிடுங்கள். மற்ற இரண்டு சீட்டுகளைத் திருப்பாமல் அனுப்பிய நாட்களும் உண்டு.

வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி யாராவது பேசினால் சீட்டை மூடி வைத்துவிடுங்கள். தனியாக அனுப்பாதீர்கள். வீட்டில் ஒருவருக்குப் போன் போட்டு வரவழைத்து, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

10. ஒரு சின்ன வேலை, ஒரு தேதி

மூன்றாவது இடத்துச் சீட்டைப் பார்த்து, இந்த வாரத்துக்குள் முடிகிற ஒரு வேலையை அவரே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் செய்ய மாட்டார். வேலை கையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். சாவியைத் திருப்பிக் கொடுப்பது, ஐடி கார்டைப் பீரோவுக்குள் வைப்பது, இரண்டு ஆழாக்கு மட்டும் அளப்பது. "மனசை மாத்திக்கணும்" என்றால் அதை நான் நோட்டில் எழுதுவதில்லை.

பிறகு ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: தேதி, கேள்வி, மூன்று சீட்டு, நால்வரில் அவர் யார், முடிந்ததன் பெயர், அது முடிந்த நாள், இந்த வார வேலை. படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதே கேள்விக்கு உடனே மறுபடி சீட்டு எடுக்காதீர்கள். நல்ல சீட்டு வரும்வரை எடுத்துக்கொண்டே இருக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். அப்படி வரும் சீட்டை அவரே நம்ப மாட்டார். நான் ஒரு மாதம் இடைவெளி கேட்கிறேன். மறுபடி வரும்போதும் முதலில் சீட்டுக் கட்டை எடுப்பதில்லை. போன மாதப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பெயரை வாசித்துக் காட்டி, இன்னும் அதுதானா என்று கேட்கிறேன். மில் அண்ணன் வந்தபோது "சங்கு" என்று வாசித்தேன். "அது போகட்டும்மா, எனக்கு நேரமாச்சு, நூலகத்துல பேப்பர் அடுக்கணும்" என்று எழுந்துவிட்டார். அன்று கட்டைப் பிரிக்கவே இல்லை.